மூளைக் கழிவு பற்றிய எம்ஆர்ஐ ஆய்வு: எண் உதைக்கும்போது எங்கே பார்ப்பது

நாகர்கோவில் பக்கம் ரேடியாலஜி படிக்கிற பிள்ளைகளில் சிலர் ஆய்வுத் தலைப்பு தேடும்போது இப்போது ‘மூளை தன் கழிவை எப்படி வெளியேற்றுகிறது’ என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் புரிகிறது. ஊசி வேண்டாம், 1.5 டெஸ்லா மெஷினே போதும், வழக்கமான தலை ஸ்கேனோடு சில நிமிட டிஃப்யூஷன் (தண்ணீரின் அசைவை அளக்கும் படம்) சேர்த்தால் ஆல்ப்ஸ் என்ற ஒரு எண் கையில் கிடைத்துவிடும். தொல்லை அந்த எண் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. ஒருவருக்கு 1.5, அடுத்தவருக்கு 0.9, அதே ஆளை மறுபடி எடுத்தால் 1.3. உடனே ‘கழிவு வெளியேற்றம் குறைந்திருக்கிறது’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதுவதற்கு முன் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பதை, கோளாறு வெளியே எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்பிலேயே கீழே போட்டிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேரே போய்விடலாம்.

அதற்கு முன் அடிப்படை கொஞ்சம். மெய்க்கன் நெடர்கார்ட் குழு 2012-இல் எலிகளில் காட்டியது இது: மூளையைச் சுற்றியிருக்கும் சி.எஸ்.எஃப். நீர், தமனிகளைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மூளைக்குள் இறங்குகிறது, செல்களுக்கு நடுவிலிருக்கும் நீரோடு கலக்கிறது, சிரைகளின் ஓரமாக வெளியேறுகிறது. ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்களில் இருக்கும் அக்வாபோரின்-4 என்ற நீர்வாசல் இதற்கு உதவுகிறது. கிளிம்ஃபாட்டிக் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர் ஒருவரிடம் சுமார் 150 மில்லி சி.எஸ்.எஃப். இருக்கும், ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கும்.

இதில் கழிவு எதுவும் எம்ஆர்ஐ படத்தில் தெரிவதில்லை. அமிலாய்டு என்ற கழிவுப் புரதம் தெரியாது, டௌ புரதமும் தெரியாது. தெரிவதெல்லாம் தண்ணீர், அல்லது தண்ணீரில் கலந்த காடோலினியம் என்ற காண்ட்ராஸ்ட் மருந்து. தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு அசைகிறது என்பதிலிருந்து கழிவைப் பற்றி ஊகிக்கிறோம். இந்த ஊகத்துக்கு நடுவில் தலையணை, தலைமுடி, மென்பொருள், நேற்றிரவுத் தூக்கம் எல்லாம் புகுந்துவிடும். கீழே வருவது பெரும்பாலும் அந்தப் புகுந்தவற்றின் கதைதான்.

சிடியில் வந்த தரவை வைத்து டென்சர் போடவே முடியவில்லை

முதலில் கேட்க வேண்டியது: எடுத்தது எந்த டிஃப்யூஷன்? ஸ்ட்ரோக் சந்தேகத்துக்கு எடுக்கிற வழக்கமான சீக்வென்ஸில் மூன்று திசைகள்தான் இருக்கும். அதையும் மெஷின் ஒன்றாக்கி ட்ரேஸ் படமும் ஏடிசி படமும் மட்டும் தந்துவிடும். டென்சர் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு அசைகிறது என்ற கணக்கு. அதற்குக் குறைந்தபட்சம் ஆறு திசைகளும், பி-மதிப்பு (டிஃப்யூஷன் அளவீட்டின் வலிமை) பூஜ்யமாக ஒரு படமும் வேண்டும். உருப்படியாகச் செய்ய வேண்டுமென்றால் பி-மதிப்பு 1000-இல் 30 திசைகள் எடுங்கள். பழைய கோப்புகளைத் தோண்டி ஆய்வு செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டியிருக்கும்.

30 திசை எடுத்தும் டென்சர் வரவில்லையா? நோயாளிக்குக் கொடுக்கிற சிடியில் ஜேபெக் படம் மட்டும் இருக்கலாம். அளவீட்டு விவரங்களும் சேர்ந்திருக்கும் டைகாம் கோப்பாகவே வாங்குங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. பெயரை அழிக்கும் மென்பொருள்கள் சில, தயாரிப்பாளரின் தனிக் குறிச்சொற்களையும் சேர்த்து அழித்துவிடும். பல மெஷின்களில் கிரேடியண்ட் திசை, அதாவது எந்தத் திசையில் அளந்தோம் என்பது, பதிவாவது அந்தக் குறிச்சொற்களில்தான். நோயாளியின் பெயரோடு திசையும் போய்விட்டால் அப்புறம் யாராலும் மீட்க முடியாது. முதலில் டிசிஎம்டுநிக்ஸ் என்ற நிரலை வைத்து மாற்றி, திசையும் பி-மதிப்பும் இருக்கும் பிவெக், பிவால் கோப்புகள் வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு பெயரை நீக்குவதே பத்திரம்.

இன்னொன்று, படம் 256-க்கு 256 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். 128-இல் எடுத்ததை மெஷினே இடைநிரப்பி 256 ஆக்கியிருக்கக்கூடும். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் இரைச்சல் நீக்கும் நிரலும், கிப்ஸ் வளையத்தை (விளிம்பின் ஓரத்தில் தோன்றும் பொய்க் கோடுகளை) நீக்கும் நிரலும் இடைநிரப்பாத படத்தை எதிர்பார்க்கின்றன. இது ஆல்ப்ஸ் எண்ணுக்கு முக்கியம். நாம் அளக்கும் இடம் மூளைக்குள் சி.எஸ்.எஃப். இருக்கும் அறையான வென்ட்ரிக்கிளுக்கு ஒட்டியே இருக்கிறது, கிப்ஸ் வளையம் தோன்றுவதும் அந்த மாதிரிப் பளிச்சென்ற விளிம்பின் பக்கத்தில்தான். டெக்னீஷியனிடம் சொல்லி இடைநிரப்பலை அணைக்கச் சொல்லுங்கள். நிரல்களின் வரிசையும் மாறக் கூடாது: இரைச்சல் நீக்கம் முதலில், கிப்ஸ் அடுத்து, அசைவுத் திருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆல்ப்ஸ் எண் எல்லோருக்கும் 1-ஐ ஒட்டியே வருகிறது

ஜப்பானின் தாவோகா குழு 2017-இல் வெளியிட்ட கணக்கு இது. பக்க வென்ட்ரிக்கிளின் உடல் மட்டத்தில் மெடுல்லரி சிரைகள் இடவலமாக ஓடுகின்றன, அதாவது எக்ஸ் அச்சில். அங்கே மேலிருந்து கீழே ஓடும் புரொஜக்‌ஷன் இழைகள் இசட் அச்சில், முன்பின்னாக ஓடும் அசோசியேஷன் இழைகள் ஒய் அச்சில். சிரையைச் சுற்றிய இடைவெளியில் தண்ணீர் நகர்ந்தால், இரண்டு பகுதியிலும் எக்ஸ் திசை டிஃப்யூஷன் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். ஆகவே இரு பகுதிகளின் எக்ஸ் சராசரியை மேலே வைத்து, புரொஜக்‌ஷன் பகுதியின் ஒய்யும் அசோசியேஷன் பகுதியின் இசட்டும் சேர்ந்த சராசரியைக் கீழே வைத்து வகுக்கிறோம்.

உதாரணத்துக்கு எக்ஸ் மதிப்புகள் 0.62, 0.66, கீழே போகிறவை 0.45, 0.41 என்று வைத்துக்கொள்வோம். மேலே 0.64, கீழே 0.43, வகுத்தால் 1.49. எல்லாத் திசையிலும் தண்ணீர் ஒரே மாதிரி அசைந்தால் விடை 1.

எல்லோருக்கும் 1 வருகிறதென்றால், அளப்பதற்காகப் படத்தில் நீங்கள் வைத்த வட்டம் திசை இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். வென்ட்ரிக்கிள் நீர் உள்ளே நுழைந்திருக்கும், அல்லது சாம்பல் பொருளில் போய் விழுந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க அதே வட்டத்தில் சராசரி டிஃப்யூஷனையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொருளில் அது 0.7, 0.8 அளவில் நிற்கும். இந்தச் சராசரி 1-ஐத் தாண்டினால் சி.எஸ்.எஃப். கலந்திருக்கிறது என்று அர்த்தம், சுத்தமான சி.எஸ்.எஃப். மதிப்பு 3 பக்கம். வயதானவர்களின் வென்ட்ரிக்கிள் விரிந்திருக்கும், ஆகவே கலப்பு அவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும். அப்போது ‘வயதானால் எண் குறைகிறது’ என்ற அருமையான கண்டுபிடிப்பு உங்களுக்குக் கிடைக்கும், அது வட்டம் வழுக்கியதால் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

சரி, வட்டம் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இழை ஓடும் திசையை நிறத்தில் காட்டும் வண்ண எஃப்ஏ படத்தைத் திறங்கள். சிவப்பு இடவலம், பச்சை முன்பின், நீலம் மேல்கீழ். வென்ட்ரிக்கிளை ஒட்டிய பட்டை நீலமாகவும், அதற்கு வெளியே உள்ளது பச்சையாகவும் இருக்க வேண்டும். நீலத்தின் நடுவில் ஒன்று, பச்சையின் நடுவில் ஒன்று. சுமார் 5 மில்லிமீட்டர் விட்டம் போதும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் சிவப்பாக இல்லாமல் பச்சையாகத் தெரிந்தால் வட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உங்கள் திசைக் கோப்பில் அச்சு மாறிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம்.

எண் 12, 40, சில நேரம் மைனஸில்கூட வருகிறது

இது மூளையின் வேலை இல்லை, கோப்பின் வேலை. டென்சரில் ஆறு மதிப்புகள் உண்டு: எக்ஸ்எக்ஸ், ஒய்ஒய், இசட்இசட் என்று மூன்று மூலைவிட்ட மதிப்புகள், எக்ஸ்ஒய், எக்ஸ்இசட், ஒய்இசட் என்று மூன்று குறுக்கு மதிப்புகள். குறுக்கு மதிப்புகள் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், மைனஸிலும் போகும். அதை வகுக்கும் இடத்தில் போட்டால் எண் எங்கேயோ பறக்கத்தான் செய்யும்.

இந்த இடம் ஏன் இத்தனை பேரைக் கவிழ்க்கிறது என்றால், எஃப்எஸ்எல் என்ற மென்பொருள் ஒரு வரிசையிலும் எம்ஆர்ட்ரிக்ஸ் என்ற மென்பொருள் வேறு வரிசையிலும் எழுதுகின்றன. எஃப்எஸ்எல்லின் டிடிஐஃபிட் தரும் டென்சர் கோப்பில் வரிசை எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய், எக்ஸ்இசட், ஒய்ஒய், ஒய்இசட், இசட்இசட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் நமக்கு வேண்டியவை 0, 3, 5. எம்ஆர்ட்ரிக்ஸில் மூலைவிட்ட மூன்றும் முதலில் வந்துவிடும், குறுக்கு மூன்றும் பின்னால். அங்கே வேண்டியவை 0, 1, 2. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதன் கோப்பில் ஓட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது. அமைதியாகத் தப்பான விடை தரும்.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. எஃப்எஸ்எல் அச்சுகளைப் படத்தின் அச்சாகவே எடுத்துக்கொள்கிறது. எம்ஆர்ட்ரிக்ஸ் ஸ்கேனரின் அச்சை எடுக்கிறது. ஸ்லைஸைச் சாய்க்காமல் நேராக எடுத்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். சாய்த்து எடுத்திருந்தால், ஒரே ஆளின் ஒரே தரவில் இரண்டு மென்பொருளும் இரண்டு ஆல்ப்ஸ் எண் தரும். இரண்டுமே கணக்கில் சரி. ஆய்வு முழுக்க ஏதாவது ஒன்றிலேயே நில்லுங்கள், எது என்று கட்டுரையில் எழுதுங்கள்.

எக்ஸ் அச்சின் குறி மட்டும் மாறிப்போயிருந்தால், இழைப் பாதை வரைவது குழம்பும், ஆனால் ஆல்ப்ஸ் எண் மாறாது. மூலைவிட்ட மதிப்புகளுக்குக் குறி ஒரு பொருட்டில்லை. எண் சரியாக வருகிறது என்பதாலேயே திசைக் கோப்பு சரி என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே ஆள், அதே மெஷின், இரண்டு வெவ்வேறு எண்

தலை எப்படி வைக்கப்பட்டது என்று பாருங்கள். இதுதான் நான் முதலில் கேட்கிற கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவாகவே முடிகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அசோசியேஷன் பகுதியில் இழையின் போக்கில் டிஃப்யூஷன் 1.2, குறுக்கே எக்ஸ் திசையில் 0.6 என்று கொள்வோம். தலை ஒரு பக்கமாக 10 டிகிரி திரும்பினால், எக்ஸ் என்று நாம் அளப்பதில் 3 சதவீதம் இழையின் மதிப்பு கலந்துவிடும், 0.6 என்பது 0.62 ஆகும். 20 டிகிரி திரும்பினால் கலப்பு 12 சதவீதம் பக்கம் போகும், 0.6 என்பது 0.67 ஆகிவிடும். அந்தப் பகுதியின் எக்ஸ் மதிப்பு, தலை திரும்பியதால் மட்டுமே, பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. நோயாளிக் குழுவுக்கும் நலமானவர் குழுவுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் வந்தாலே கட்டுரை எழுதிவிடுவோம்.

கழுத்துவலி உள்ள முதியவர்கள், பார்கின்சன் உள்ளவர்கள் நேராகப் படுக்க மாட்டார்கள். அவர்கள்தான் நோயாளிக் குழு. இளம் மாணவர்கள் கட்டளைக்கு நேராகப் படுப்பார்கள். அவர்கள்தான் ஒப்பீட்டுக் குழு. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: இரண்டு காதுப் பக்கமும் பஞ்சு மெத்தை வைத்துத் தலையை நிறுத்துங்கள், முன், பின் கமிஷர் (மூளை நடுவிலுள்ள இரண்டு அடையாள இடங்கள்) கோட்டுக்கு இணையாக ஸ்லைஸை வையுங்கள். பிறகு கணினியில் டென்சரையே பொது அச்சுக்குத் திருப்புங்கள். எக்ஸ்எக்ஸ் படத்தைத் தனியாக எடுத்து டெம்ப்ளேட்டில் பொருத்துவது திருப்புவது ஆகாது. படம் நகரும், உள்ளே இருக்கும் அச்சு பழைய இடத்திலேயே இருக்கும். டென்சரைச் சுழற்றுவதற்கென்றே எஃப்எஸ்எல்லில் வெக்ரெக் இருக்கிறது. அசைவுத் திருத்தத்துக்குப் பிறகு சுழற்றிய பிவெக் கோப்பைப் பயன்படுத்துகிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலை நேராக இருந்தும் எண் மாறினால், சீக்வென்ஸில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தாவோகா குழுவே 2022-இல் வெளியிட்ட மறுஅளவீட்டு ஆய்வில், ஸ்லைஸ் தளம், திசைகளின் எண்ணிக்கை, எக்கோ டைம் (துடிப்புக்கும் சிக்னல் பதிவுக்கும் இடையிலான நேரம்) மூன்றும் எண்ணை மாற்றுவதாகக் காட்டினார்கள். நேரம் மிச்சப்படுத்த ஒரு நாள் 30 திசையை 12 ஆக்கினால் அந்த நாளின் தரவு தனி ஜாதி. மார்த்தாண்டத்தில் பாதிப் பேரையும் நாகர்கோவிலில் மீதிப் பேரையும் எடுத்துவிட்டு ஒரே அட்டவணையில் போடுகிறவர்கள், குறைந்தது சில பேரை இரண்டு இடத்திலும் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் கறுப்புக் குழி, பக்கத்தில் மூளை வளைந்து தெரிகிறது

தோவாளைப் பக்கத்தில் இருந்துகொண்டு பிச்சிப்பூ வைக்காமல் யார் வெளியே போவார்கள்? ஸ்கேன் அறைக்கு வெளியே பூவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பூவைக் குத்தியிருந்த ஸ்லைடு கொண்டைக்குள்ளேயே இருக்கும். ‘இரும்பு ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்ல மக்களே’ என்று மனசார சொல்வார்கள். கேட்பதைவிட, முடியை அவிழ்த்து விரலால் தடவிப் பார்க்கச் சொல்வது நல்லது. அதேபோல் தாலிக் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கு. அது தலைப் படத்தைக் கெடுக்கும் தூரத்தில் இல்லை, ஆனால் காந்தத்துக்குப் பாய்ந்து போகும், ஆபத்து. அரைஞாண் கொடியில் தொங்கும் தாயத்தையும் மறக்காதீர்கள். தங்க மூக்குத்தி காந்தத்தில் இழுபடாது, ஆனாலும் மூக்கைச் சுற்றி டிஃப்யூஷன் படத்தை நெளிக்கும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவரென்றால் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

உலோகமே இல்லாமலும் நெற்றிப் பக்கம் நெளியும். சைனஸில் இருக்கும் காற்று அதைச் செய்கிறது. பி-மதிப்பு பூஜ்யப் படம் ஒன்றை எதிர்த் திசைக் குறியீட்டில் கூடுதலாக எடுத்து வைத்தால் டாப்அப் நிரல் நிமிர்த்தித் தரும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுக்காமல் விட்டால் பிறகு வருந்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

தூக்கம் குறைந்தவர்களுக்கும் நன்றாகத் தூங்கியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை, அல்லது தலைகீழாக வருகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆய்வு ஆசையே பெரும்பாலும் இந்தத் தூக்கக் கதையிலிருந்துதான் பிறக்கிறது.

2013-இல் நெடர்கார்ட் குழு, எலி தூங்கும்போது செல்களுக்கு இடையிலுள்ள இடம் சுமார் 14 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக விரிகிறது, கழிவு வேகமாகப் போகிறது என்று காட்டியது. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று வேறு முறையில் எலிகளை அளந்து, தூக்கத்திலும் மயக்க மருந்திலும் வெளியேற்றம் குறைகிறது என்று எழுதியது. சண்டை இன்னும் ஓயவில்லை. மனிதர்களில், ஓஸ்லோவின் ஐடே, ரிங்ஸ்டாட் குழு தண்டுவட நீரில் காடோலினியம் செலுத்திப் பார்த்து, ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் மூளையிலிருந்து அது வெளியேறுவது தாமதமாகிறது, அடுத்த இரவு தூங்கியும் அது ஈடாகவில்லை என்று 2021-இல் வெளியிட்டது.

இவை எல்லாம் ஏதோ ஒரு பொருளைச் செலுத்தி அது நகர்வதைப் பார்த்த ஆய்வுகள். ஆல்ப்ஸ் எண் அப்படியில்லை. அது சில நிமிடங்களில் எடுத்த, பெரும்பாலும் இழைகளின் அமைப்பைச் சொல்லும் ஒரு விகிதம். சிரையைச் சுற்றிய இடைவெளி, வாக்ஸலில் (படத்தின் ஒரு கனப் புள்ளியில்) மிகச் சிறிய பங்கு. குறுக்கே ஓடும் வேறு இழைகள் இருந்தாலே எக்ஸ் மதிப்பு கூடிவிடும். ரிங்ஸ்டாட் 2024-இல் இந்த எண்ணைக் கடுமையாகவே விமர்சித்து எழுதினார். என் கட்சியும் அதுதான். நேற்றிரவு மூன்று மணி நேரம் குறைவாகத் தூங்கியது இந்த எண்ணில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அதிகம். வித்தியாசம் வரவில்லை என்றால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் குழு பிரித்த விதத்தில் கோளாறு இருக்கலாம். நம் மாவட்டத்தில் தூக்கம் கெடுகிற தொழில்கள் இரண்டு கண்முன்னே இருக்கின்றன. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கடற்கரையில் விசைப்படகுக்குப் போகிறவர்கள். ‘தூக்கம் குறைந்தவர்கள்’ என்று இவர்களைச் சேர்த்துவிட்டு, அலுவலக வேலைக்காரர்களை எதிரே நிறுத்தினால், வயது, ரத்த அழுத்தம், புகை, உடலுழைப்பு எல்லாமே வேறுபடும். தூக்கம் அதில் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எந்த மாதத்தில் ஸ்கேன் எடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். நல்ல மழையில் வெட்டு கிடையாது. பால் வெட்டுகிறவர் அந்த நாட்களில் விடிந்த பிறகும் படுத்திருப்பார். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு, கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் இருப்பதால், ஜூன் 20 அன்று சின்னமுட்டத்துக்காரர் கடலில் இருப்பார், குளச்சல்காரர் வீட்டில் தூங்குவார். இரண்டு பேரையும் ‘மீனவர்’ என்று ஒரே கட்டத்தில் போட்டு முடித்தால் உங்கள் தூக்கக் கணக்கு அன்றைக்கே உடைந்துவிட்டது.

‘எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது. கடைசி ஒரு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்தது, ஸ்கேனுக்கு முன் குடித்த கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) எல்லாம் எழுதி வாங்குங்கள். காஃபீன் மூளை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்த ஓட்டத்தை வைத்து எடுக்கும் ஏஎஸ்எல், எஃப்எம்ஆர்ஐ படங்களில் அது தெரியும். கையில் கட்டும் அசைவுமானி கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லோரையும் ஒரே வேளையில் படுக்க வையுங்கள். பால் வெட்டுகிறவருக்குப் பகல் 2 மணி என்பது மற்றவர்களின் ராத்திரி 8 மணி மாதிரி.

நான்காம் வென்ட்ரிக்கிளில் அலை தெரியவில்லை, அல்லது சந்தேகப்படும் அளவுக்கு அழகாகத் தெரிகிறது

2019-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், ஆழ்ந்த தூக்கத்தில் சி.எஸ்.எஃப். பெரிய மெதுவான அலைகளாக நான்காம் வென்ட்ரிக்கிள் வழியே உள்ளே வருவதை வேகமான எஃப்எம்ஆர்ஐ-யில் காட்டினார்கள். சுமார் 20 நொடிக்கு ஒரு அலை, அதாவது 0.05 ஹெர்ட்ஸ். இதில் ஒளிர்வது புதிதாக உள்ளே வரும் நீர். அதற்கு முந்தைய துடிப்புகள் பட்டிருக்காது என்பதால் பளிச்சென்று இருக்கும். ஆகவே படத்தொகுதியின் அடி ஸ்லைஸ் நான்காம் வென்ட்ரிக்கிளிலேயே தொடங்க வேண்டும். ஸ்லைஸை கழுத்து வரை இறக்கி எடுத்திருந்தால், வரும் நீர் வழியிலேயே துடிப்பு பட்டு மங்கி வந்து சேரும். அலை இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

அழகாகத் தெரிகிற கதை இன்னும் மோசம். அந்த ஆய்வில் ஒரு படத்துக்கு 0.4 நொடிக்கும் குறைவு. நம் வழக்கமான சீக்வென்ஸில் டிஆர் (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) 2 நொடி, அதாவது 0.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுக்கிறோம். படுத்திருப்பவரின் நாடி நிமிடத்துக்கு 63 என்றால் 1.05 ஹெர்ட்ஸ். 0.5-இன் இரண்டு மடங்கைக் கழித்தால் மிச்சம் 0.05. இதயத் துடிப்பு அப்படியே தூக்க அலை வேஷம் போட்டு வந்து நிற்கும். ஆள் முழு விழிப்பில் இருந்திருப்பார், நீங்கள் ஆழ்ந்த தூக்கம் என்று எழுதியிருப்பீர்கள். விரலில் பல்ஸ் சென்சர் மாட்டிப் பதிவு செய்யுங்கள், டிஆரைக் குறையுங்கள். தூங்கினாரா என்று சொல்ல, மூளையின் மின்அலையைப் பதியும் இஇஜி வேண்டும். கண் மூடியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன் என்பது செல்லாது.

இடைவெளிகளை எண்ணினால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது

டி2 படத்தில் (தண்ணீர் வெள்ளையாகத் தெரியும் வகை) ரத்தக்குழாயைச் சுற்றிய இடைவெளிகளை எண்ணும் முறையில் வரும் சண்டை இது. சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், குழாயின் போக்கில் கோடாகவும் குறுக்கே புள்ளியாகவும் தெரியும், ஓரம் ஃப்ளேர் படத்தில் (சி.எஸ்.எஃப். கறுப்பாகத் தெரியும் வகை) வெளுத்திருக்காது. 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை, ஃப்ளேரில் வெள்ளை விளிம்போடு இருந்தால் லக்கூன், பழைய சிறு பக்கவாதத் தடம். அளவு மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 5 மில்லிமீட்டர் தடிமனில் ஸ்லைஸ் எடுத்துவிட்டு எண்ணுவதில் பயனில்லை. பாட்டர் அளவுகோலில் 1 என்றால் 10 வரை, 2 என்றால் 20 வரை, 3 என்றால் 40 வரை, அதற்கு மேல் 4. எந்தப் பக்கத்தில், எந்த ஸ்லைஸில் அதிகமோ அதை எண்ணுவதுதான் விதி. இருவர் தனித்தனியாக எண்ணட்டும், யார் நோயாளி என்று இருவருக்கும் தெரிய வேண்டாம்.

அக்வடக்ட் நடுவில் கறுப்பு வெள்ளை தலைகீழாகிறது

அக்வடக்ட் என்பது மூன்றாம், நான்காம் வென்ட்ரிக்கிள்களை இணைக்கும் குறுகிய குழாய். அங்கே நீரின் வேகத்தை அளக்கும் ஃபேஸ் கான்ட்ராஸ்டில் வென்க், அதாவது அளக்கக்கூடிய உச்ச வேகம், குறைவாக வைத்திருக்கிறீர்கள். நொடிக்கு 5 சென்டிமீட்டரில் எடுத்திருந்தால் 10, பிறகு 20 என்று ஏற்றிப் பாருங்கள். ரொம்ப ஏற்றினால் மெதுவான ஓட்டம் இரைச்சலில் மூழ்கிவிடும். ஸ்லைஸ் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பக்கத்தில் அசையாத மூளைத் திசுவிலும் வேகம் காட்டினால் அதைக் கழித்துவிடுங்கள்.

கைச்சிரையில் காண்ட்ராஸ்ட் போட்டோம், மூளைக்குள் ஒன்றும் தெரியவில்லை

தெரியக் கூடாது. ரத்த-மூளைத் தடுப்பு ஒழுங்காக இருந்தால் காடோலினியம் மூளைக்குள் போகாது. ஓஸ்லோ குழு பார்த்தது கீழ்முதுகில் ஊசி வழியாகத் தண்டுவட நீரில் செலுத்திய காடோபியூட்ரால், 0.5 மில்லிமோல். மூளைக்குள் அது பரவி முடிக்கவே ஒரு நாள் பக்கம் ஆகிறது. 24 மணி, 48 மணி நேரத்தில் மறுபடி படம் எடுக்கிறார்கள். இந்த மருந்துக்கு அந்த வழிக்கான அனுமதி கிடையாது. அளவு கூடிப்போனால் வலிப்பு, நினைவு தப்புதல் என்று உயிருக்கே ஆபத்து. எம்டி ஆய்வுக்கு இதைத் தொட வேண்டாம் என்பதுதான் என் யோசனை. சிரைவழிக்கே சிறுநீரகம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சிரைவழி ஊசிக்குப் பிறகு தாமதமாக எடுத்த ஃப்ளேரில் சி.எஸ்.எஃப். வெளுத்திருந்தால், அதையும் ‘கழிவுப் பாதை’ என்று உடனே படிக்காதீர்கள். தடுப்பில் கசிவு, சிறுநீரகக் குறைவு, கண்ணையும், சி.எஸ்.எஃப். சுரக்கும் கோராய்டு பிளெக்ஸஸையும் ஒட்டிய இயல்பான கசிவு எல்லாம் அப்படித்தான் தெரியும். மூளை உறையிலுள்ள நிணநாளங்களை 2017-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனக் குழு மனிதர்களில் காட்டியபோது, ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியேறும் மருந்தையும் வெளியேறாத மருந்தையும் தனித்தனியே கொடுத்து ஒப்பிட்டுத்தான் நம்பினார்கள்.

ஆய்வுக்கு வந்தவர் ரிப்போர்ட் கேட்கிறார்

‘மக்களே, தலைக்குள்ள அழுக்கு எவ்வளவு கெடக்கு? குறையுமா?’ என்று மெஷினிலிருந்து இறங்கும்போதே கேட்பார்கள். ஆல்ப்ஸ் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். தனி ஒருவருக்கு 1.2 வந்தால் நோய், 1.5 வந்தால் நலம் என்று சொல்ல எல்லைக்கோடு எதுவும் இல்லை. ‘அழுக்கு இதுல தெரியாது பாட்டி, தண்ணி எப்படி அசையுதுன்னு நிறைய பேர சேர்த்துப் பார்க்கோம்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒப்புதல் படிவத்திலும் அதே பேச்சுத் தமிழில் இதை எழுதி வைக்கலாம். ஆனால் டி2, ஃப்ளேர் படங்களை ஒரு ரேடியாலஜிஸ்ட் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கட்டியோ, பழைய ரத்தக்கசிவோ, லக்கூன் வரிசையோ தெரிந்தால் அதை எழுத்தில் கொடுத்து, எந்தப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒருவரையும் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.